தீவிர மனநோய் உள்ளவரிடம் பிடிஎஸ்டியை அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால் அந்த அம்மா கட்டிலை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொள்வார். கேஸ் ஷீட்டில் "சந்தேகம் அதிகம், பதற்றம்" என்று எழுதி மாத்திரையை இரண்டு முறை கூட்டியிருந்தார்கள். நான் பயிற்சியில் இருந்த காலம் அது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தச் சத்தம் கேட்டா உங்களுக்கு என்னம்மா ஆகுது?" என்று கேட்டேன். "சங்கிலி பூட்ட வர்றப்ப இப்பிடித்தான் கேக்கும்" என்றார். மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பு வேறோர் இடத்தில் ஒன்றரை வருஷம் காலில் சங்கிலியோடு இருந்திருக்கிறார். பதினோரு வருஷத்துக் கேஸ் ஷீட்டில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இது அவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததல்ல. 1998இல் அமெரிக்காவில் கிம் மியூசரும் உடன் ஆய்வாளர்களும் நியூ ஹாம்ப்ஷயரிலும் பால்டிமோரிலும் தீவிர மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த 275 பேரைப் பேட்டி எடுத்தார்கள். 98 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது கொடிய சம்பவத்தைச் சந்தித்திருந்தார்கள். 43 சதவீதம் பேருக்குப் பிடிஎஸ்டி, அதாவது கொடிய சம்பவத்துக்குப் பிறகு ஆறாமல் தங்கிவிடும் மனக்காய நோய், இருந்தது. பிடிஎஸ்டி இருந்த 119 பேரில் 3 பேரின் கேஸ் ஷீட்டில்தான் அந்தப் பெயர் எழுதப்பட்டிருந்தது. பிறகு நெதர்லாந்தில் சைக்கோசிஸ் (இல்லாததைக் காணும், கேட்கும், நம்பும் நிலை) உள்ள 2,608 பேரிடம் கேட்டார்கள். 2015இல் அந்த ஆய்வு வெளியானது. அங்கே பிடிஎஸ்டி சுமார் 16 சதவீதம் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். கோப்புகளில் அது இருந்ததோ 0.5 சதவீதம் பேருக்கு மட்டும். இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறுகிறது, கோப்பு காலியாக இருப்பது மட்டும் மாறவில்லை.

கிளினிக்கல் சைக்காலஜி, சைக்யாட்ரிக் சோஷியல் ஒர்க் படிப்பவர்களுக்கும், வார்டிலும் ஓ.பி.யிலும் வேலை செய்யும் செவிலியர், ஆலோசகர்களுக்கும் இதை எழுதுகிறேன். குடும்பத்தினரும் படிக்கலாம், ஆனால் வீட்டில் உட்கார்ந்து மதிப்பெண் போட வேண்டாம்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஸ்டியின் அறிகுறிகளில் பெரும்பாலானவை ஸ்கிசோஃப்ரினியாவிலும் (மனச்சிதைவு), பைபோலாரிலும் (இருதுருவ மனநோய்), கடும் மனச்சோர்விலும், மாத்திரையின் பக்கவிளைவிலும் வரக்கூடியவை. அதனால் அறிகுறி இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திவிட்டால் அளவு தப்பாகிவிடும். அது எந்தச் சம்பவத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு வருகிறது என்று ஒவ்வொரு அறிகுறிக்கும் கேட்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த முடிச்சைத் தேடிப் போவதற்குத்தான்.

படி 1: நேரமும் இடமும்

நோய் முற்றிப் பொங்கும் நேரத்தில் அளக்காதீர்கள். அவரால் அரைமணி நேரம் உட்கார முடிய வேண்டும். எங்கே இருக்கிறோம், இன்று என்ன கிழமை என்று தெரிய வேண்டும். காதில் குரல் கேட்டாலும் உங்கள் கேள்வி அதைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். குடித்துவிட்டு வந்திருந்தால் வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தைப் பெரிதாக மாற்றியிருந்தால் நான் இரண்டு வாரமாவது காத்திருப்பேன்.

அதே சமயம் "முழுசா சரியாகட்டும், அப்புறம் கேக்கலாம்" என்று தள்ளிப்போடவும் கூடாது. முழுசாகச் சரியாகாமல் இருப்பதற்கே அந்தக் கேட்காத விஷயம் காரணமாக இருக்கலாம். பழசைக் கிளறினால் நோய் திரும்பிவிடும் என்ற பயம் நம்மிடையே ஆழமாக ஊறியிருக்கிறது. நெதர்லாந்தில் சைக்கோசிஸும் பிடிஎஸ்டியும் சேர்ந்திருந்த 155 பேரிடம் நடந்த சிகிச்சை ஆய்வில், அந்தச் சம்பவத்தின் நினைவையே நேருக்கு நேர் எடுத்து வேலை செய்தார்கள். சிகிச்சை பெற்றவர்களுக்கு நோய் மோசமாகவில்லை, பிடிஎஸ்டி குறைந்தது. அவ்வளவு ஆழமாகப் போயும் தாங்கினார்கள் என்றால், மரியாதையாகக் கேட்கும் இருபது கேள்விகளையும் தாங்குவார்கள்.

நம் ஊர் ஓ.பி.யில் பெரிய சிக்கல் தனிமைதான். கூட வந்த அண்ணனோ மாமியாரோ பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் தாங்களே பதில் சொல்வார்கள். அடித்தவரே கூட வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் "இங்க எல்லார்கிட்டயும் கொஞ்ச நேரம் தனியாத்தான் பேசுவோம்ணே, நீங்க வெளிய உக்காருங்க, அப்புறம் உங்ககிட்டயும் பேசுறேன்" என்று சொல்லி அனுப்புங்கள். எல்லாரிடமும் அப்படித்தான் என்று சொல்வதால் யாருக்கும் சந்தேகம் வராது. பெண்ணாக இருந்தால் பெண் ஒருவர் கேட்கட்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ரகசியம் எதுவரை என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் தகவலை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றாலும், 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தாலும் நாம் சும்மா இருக்க முடியாது. பிந்தையதைப் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். கொட்டித் தீர்த்த பிறகு இதைச் சொன்னால் ஏமாற்றப்பட்டதாக உணர்வார்.

படி 2: என்ன நடந்தது என்று கேட்பது

எல்.ஈ.சி-5 என்ற பட்டியலைப் பயன்படுத்துங்கள். வெள்ளம், விபத்து, தாக்குதல், பாலியல் வன்முறை, போர் என்று 17 வரிகள் உள்ள ஒரு பக்கம். ஒவ்வொன்றும் தனக்கே நடந்ததா, கண்ணால் பார்த்தாரா, நெருங்கியவருக்கு நடந்ததாகக் கேள்விப்பட்டாரா என்று குறித்துக்கொள்ளலாம்.

"உங்களுக்கு அதிர்ச்சி ஏதாவது ஏற்பட்டிருக்கா?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். மனநல வார்டில் இருந்தவருக்கு அதிர்ச்சி என்றால் கரண்ட் வைப்பதுதான். "ஆமா சார், ஆறு தடவ ஷாக் வெச்சாங்க" என்று பதில் வரும், நீங்களும் அதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். "வன்முறை", "துன்புறுத்தல்" போன்ற சொற்களும் பயன்படாது. அப்பா பெல்ட்டால் அடித்ததை யாரும் வன்முறை என்று நினைப்பதில்லை, "கண்டிப்பு" என்றுதான் சொல்வார்கள். செயலைச் சொல்லிக் கேளுங்கள்:

"யாராவது உங்கள ரத்தம் வர்ற அளவுக்கு, எலும்பு முறியுற அளவுக்கு அடிச்சிருக்காங்களா?"

"உங்களுக்கு இஷ்டமில்லாம யாராவது தொட்டிருக்காங்களா, கட்டாயப்படுத்தியிருக்காங்களா? சின்ன வயசுல? பெரியவங்களான அப்புறம்?"

"இதோட செத்துட்டோம்னு நெனச்ச சமயம் எப்பவாவது உண்டா?"

இந்தப் பட்டியலோடு நம் நோயாளிகளுக்காக நான் சேர்த்துக் கேட்பவை: கட்டிப் போட்டிருக்கிறார்களா, சங்கிலி போட்டிருக்கிறார்களா, அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்களா? பேய் ஓட்டுவதாக அடித்தார்களா, சூடு வைத்தார்களா? வீட்டை விட்டுத் தெருவில் இருந்த நாட்களில் என்ன நடந்தது? ஆம்புலன்ஸிலோ போலீஸ் வண்டியிலோ கொண்டுபோகும்போது என்ன நடந்தது? 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அதற்கு முன்னால் கட்டப்பட்டிருந்தவர்கள் இன்றும் நம் ஓ.பி. வரிசையில் நிற்கிறார்கள். எல்.ஈ.சி-5இல் "சிறைப்பிடிக்கப்படுதல்" என்று ஒரு வரி உண்டு. அதைப் படித்துக் காட்டினால் யாரும் வீட்டுத் தூணில் கட்டியதைச் சொல்ல மாட்டார்கள்.

விவரம் தோண்டாதீர்கள். இந்தப் படிக்கு ஒரு தலைப்புப் போதும்: "12 வயசு, சொந்தக்காரர், பலமுறை." முழுக்கதை சிகிச்சையின்போது வரட்டும்.

"இவங்க சொல்றத எப்படி நம்புறது?" என்று மாணவர்கள் கேட்பார்கள். தீவிர மனநோய் உள்ளவர்களிடம் இடைவெளி விட்டு இரண்டு முறை கேட்டுப் பார்த்த ஆய்வுகள் 1990களின் இறுதியிலிருந்தே உள்ளன. பதில்கள் போதுமான அளவு ஒத்துப்போகின்றன என்பதுதான் அவற்றின் முடிவு. "என் மூளையில சிப் வெச்சுட்டாங்க" என்பது போல நம்பிக்கைப் பிறழ்வு கலந்து வந்தால் வாதாட வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். தனி வரியில் அவர் சொன்னபடியே எழுதுங்கள். பிறகு, "அதுக்கு முன்னாடி யாராவது உங்கள நிஜமாவே பிடிச்சு வெச்சாங்களா, ஏதாவது பண்ணாங்களா?" என்று கேளுங்கள். பிறழ்வுக்குள்ளேயே நடந்த சம்பவம் ஒன்று புதைந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நோயே காயமாவதும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பேட்ரிக் மெக்கோரி குழு 1991இல் வெளியிட்ட ஆய்வில், சைக்கோசிஸ் வந்து தேறிய 36 பேரில் நான்காவது மாதத்தில் 46 சதவீதமும் பதினோராவது மாதத்தில் 35 சதவீதமும் பிடிஎஸ்டி அளவை எட்டினார்கள். நோய் வந்ததும், வார்டில் சேர்த்ததும் அவர்களை உலுக்கியிருந்தன. அமெரிக்க மனநோய்க் கையேடான டி.எஸ்.எம்-5 கேட்கும் "மரணம், கடும் காயம், பாலியல் வன்முறை அல்லது அவற்றின் அச்சுறுத்தல்" என்ற வரையறைக்குள் இது வருமா என்பதில் இன்றும் வாதம் உண்டு. நான்கு பேர் சேர்ந்து தரையில் அமுக்கியது வரலாம். "உன்னக் கொல்லப்போறோம்" என்று குரல் கேட்டது வருமா என்பதுதான் கேள்வி. என் முறை எளியது: வரையறைக்குள் வந்தாலும் வராவிட்டாலும் அறிகுறியை அளக்கிறேன், எந்தச் சம்பவத்தை வைத்து அளந்தேன் என்பதைத் தெளிவாக எழுதுகிறேன்.

கடைசியில் ஒரு சம்பவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "இதுல எது இப்பவும் உங்கள ரொம்ப உலுக்குது?" என்று கேளுங்கள். இப்பவும் என்பது முக்கியம். வன்னியிலிருந்து 2009இல் வெளியேறி வந்த ஒருவரிடம் எது கொடியது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல் போகலாம். எது இன்றும் இரவில் எழுப்புகிறது என்று கேட்டால் சொல்லிவிடுவார்.

படி 3: சின்னச் சல்லடை

கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் எல்லாரிடமும் நீண்ட அளவுகோல் வைக்க முடியாது. பி.சி-பிடிஎஸ்டி-5இல் ஆம், இல்லை என்று ஐந்தே கேள்விகள். 3 அல்லது 4 "ஆம்" வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். நெதர்லாந்தில் 2,608 பேரிடம் நடந்த ஆய்வில் பயன்படுத்திய டி.எஸ்.க்யூ பத்துக் கேள்விகள் கொண்டது. 6 அல்லது அதற்கு மேல் "ஆம்" வந்தால் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் 6ஐ எட்டியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே நேர்காணலில் நோய் உறுதியானது, எட்டாதவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் நோய் இல்லை. "இவருக்கு இருக்காது" என்று சொல்லச் சல்லடை உதவும், "இருக்கிறது" என்று சொல்ல உதவாது.

படி 4: பி.சி.எல்-5ஐ வாசித்துக் கேட்பது

பி.சி.எல்-5 இருபது கேள்விகள் கொண்டது, அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் பிடிஎஸ்டி தேசிய மையம் உருவாக்கியது. காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80. கேட்பது கடந்த ஒரு மாதத்தைப் பற்றி மட்டும்.

தானே நிரப்பும் படிவமாக இருந்தாலும் நம் நோயாளியிடம் வாசித்துத்தான் கேட்க வேண்டும். மருந்து மயக்கம், கவனக்குறைவு, எழுத்தறிவு எல்லாம் குறுக்கே வரும். எழுத்துத் தமிழில் உள்ள வாக்கியத்தை அப்படியே வாசித்தால் "ம்" என்று மட்டும் பதில் வரும். "மன அழுத்தம் தந்த அனுபவத்தைப் பற்றிய தொந்தரவான, விரும்பாத நினைவுகள் மீண்டும் மீண்டும் வருகின்றனவா" என்பதை எப்படிக் கேட்பது? "நீங்க நெனைக்காமலேயே அது மனசுல வந்து வந்து போகுதா? வந்தா கஷ்டமா இருக்கா?" இப்படிப் பேச்சுத் தமிழில் இருபதையும் எழுதி வைத்துக்கொண்டு, எல்லாரிடமும் ஒரே சொல்லில் கேளுங்கள். இன்று ஒரு மாதிரி, அடுத்த மாதம் வேறு மாதிரி கேட்டால் மதிப்பெண் மாறியது அவராலா உங்களாலா என்று தெரியாது.

"ஒரு மாசம்" என்பதையும் கையில் பிடிக்கக் கொடுங்கள். "போன தடவ மாத்திர வாங்க வந்தீங்களே, அன்னைலருந்து இன்னைவரைக்கும்" என்றால் புரியும். ரேஷன் வாங்கிய நாள், அமாவாசை, சம்பள நாள், எது அவருக்கு நினைவிருக்கிறதோ அது.

"இல்லவே இல்லை, கொஞ்சம், ஓரளவு, நிறைய, மிக அதிகம்" என்ற ஐந்து படிகளில் பெரும்பாலானோர் நடுவில் தொலைந்துபோவார்கள். நான் மேஜையில் ஐந்து எவர்சில்வர் டம்ளர் வைப்பேன். ஒன்று காலி, அடுத்ததில் அடியில் கொஞ்சம் தண்ணீர், பிறகு பாதி, முக்கால், கடைசி டம்ளர் ததும்பத் ததும்ப. "அந்தக் கனவு உங்களப் படுத்துற பாடு எந்த டம்ளர் அளவு?" என்று கேட்டால் கையால் தொட்டுக் காட்டுவார்கள். ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒத்திகை வையுங்கள்: "இன்னைக்கு உங்களுக்குப் பசி எவ்வளவு?" பசியைச் சரியாகக் காட்டினால் அளவுகோல் புரிந்துவிட்டது.

எல்லாக் கேள்விக்கும் ஒரே டம்ளரைக் காட்டினால் நிறுத்துங்கள். களைத்திருக்கலாம், அல்லது சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருக்கலாம். தண்ணீர் கொடுத்து, மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு அமர்வில் முடிப்பதில் தவறே இல்லை.

படி 5: முடிச்சைத் தேடுவது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். பாதி டம்ளரையோ (2 மதிப்பெண்) அதற்கு மேலோ காட்டிய ஒவ்வொரு அறிகுறிக்கும் மூன்று கேள்விகள் போடுங்கள். இது எப்போதிலிருந்து இருக்கிறது, அந்தச் சம்பவத்துக்கு முன்னாலா பின்னாலா? வரும்போது கூடவே என்ன நினைவு வருகிறது? எதைப் பார்த்தால், கேட்டால், முகர்ந்தால் வருகிறது?

குரல் கேட்பதும் நினைவு பாய்ந்து வருவதும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். சினிமா பார்த்த நமக்கு ஃபிளாஷ்பேக் என்றால் பழைய கதை. இங்கே அது பழைய கதையாக வராது, இப்போது, இந்த அறையில், மறுபடி நடப்பதாக வரும். "நினைவா வருதா, இல்ல இப்பவே நடக்குதா? அது யாரு குரல்? அன்னைக்கு அவரு சொன்ன அதே வார்த்தையா?" என்று கேளுங்கள். அடித்தவரின் குரல், அன்று சொன்ன சொற்கள், அன்று வீசிய சாராய நாற்றம் என்று எல்லாம் சேர்ந்து வந்தால் முடிச்சு உறுதி. பக்கத்துத் தெரு அரசியல்வாதி புதிது புதிதாக உத்தரவு போடுகிறார் என்றால் அது வேறு. இரண்டும் கலந்திருந்தால் இரண்டு இடத்திலும் எழுதுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் இல்லை.

எப்போதும் உஷாராக இருக்கும் விழிப்பையும் சந்தேகத்தையும் பிரிக்க "யாரு? எதுக்கு?" என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். பிறழ்வில் சதி செய்பவர் யார், நோக்கம் என்ன என்று ஒரு கதை இருக்கும். காயத்தின் விழிப்பில் பெரும்பாலும் கதை இருக்காது, உடம்புதான் முன்னால் நிற்கும். "எதுவும் நடக்காதுன்னு தெரியுது சார், ஆனா வாசல் தெரியுற மாதிரி உக்காந்தாத்தான் முடியுது" என்பார்கள். தூக்கிவாரிப் போடுவதும் அப்படித்தான். குக்கர் விசில் எல்லாரையும் திடுக்கிட வைக்கும், இவருக்கு அரைமணி நேரம் நெஞ்சு அடங்காது.

ஒதுங்குவது சுலபமாகத் தவறவிடப்படுவது. ஸ்கிசோஃப்ரினியாவில் ஆர்வம் வற்றிப்போய் எங்கும் போகாமல் இருப்பார்கள், வீட்டில் "சோம்பேறி" என்பார்கள். தவிர்ப்பவரோ முயற்சி எடுத்துத் தவிர்ப்பார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டக் கூடாது என்று இரண்டு கிலோமீட்டர் சுற்றி நடந்து ஓ.பி.க்கு வரும் ஒருவரைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? "எங்க போக மாட்டீங்க?" என்று கேட்காதீர்கள், "எங்கயெல்லாம் போவீங்க, எந்த வழியாப் போவீங்க?" என்று கேளுங்கள்.

உணர்ச்சி மரத்துப்போனதற்கு மருந்தும் காரணமாகலாம். மாத்திரை தொடங்குமுன்பே அப்படி இருந்ததா என்று குடும்பத்தாரிடமும் கேளுங்கள். ஊசி போட்ட சில நாளில் கால் ஒரு இடத்தில் நிற்காமல் எழுந்து எழுந்து நடந்தால், அது மருந்தால் வரும் அகத்திசியாவாக (நிலைகொள்ளாமை) இருக்கலாம், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தைப் பார்த்தால், நோய் ஏறிய கட்டத்தில் பைபோலார்காரர் இரண்டு மணி நேரம் தூங்கி உற்சாகமாக எழுவார். காயப்பட்டவர் தூங்கவே பயப்படுவார், விளக்கை அணைக்க விட மாட்டார், ஒரே நேரத்துக்கு விழிப்பு வரும். குற்ற உணர்விலும் வித்தியாசம் கேட்டால் தெரியும். "உலகம் அழியுறதே என்னாலதான்" என்பது ஒன்று, "நான் அன்னைக்குக் கத்தியிருந்தா விட்டிருப்பான்" என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்பவரிடம் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருங்கள். அடுத்த கேள்வி காத்திருக்கட்டும்.

படி 6: சி.ஏ.பி.எஸ்-5

உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் பயிற்சி பெற்றவர் எடுக்கும் சி.ஏ.பி.எஸ்-5 நேர்காணல்தான். 45 முதல் 60 நிமிடம் ஆகும். நம் நோயாளிகளுக்கு இரண்டாகப் பிரித்து எடுப்பது நல்லது. ஒவ்வொரு அறிகுறியும் எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு கடுமையாக வருகிறது என்று கேட்டு 0 முதல் 4 வரை போடுகிறோம். 2ஐத் தொட்டால்தான் அறிகுறி இருப்பதாகக் கணக்கு. தூக்கம், கவனம், எரிச்சல், பிறரோடு ஒட்டாமை போன்று எதனாலும் வரக்கூடியவற்றுக்கு, அந்தச் சம்பவத்தோடு தொடர்பு உறுதியா, இருக்கக்கூடியதா, இருக்க வாய்ப்பு குறைவா என்று தனியாகக் குறிக்க இடம் வைத்திருக்கிறார்கள். நான் முடிச்சு என்று சொல்வதை அந்தக் கருவியே கேட்கிறது. நம் துறையில் இதை எடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பது எனக்குப் பெரிய வருத்தம். மாணவராக இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

படி 7: எண்ணைப் படிப்பது

அந்தச் சங்கிலி அம்மாவைப் பிறகு முறையாக அளந்தபோது பி.சி.எல்-5இல் மறுஅனுபவக் கேள்விகள் (நினைவு, கனவு மறுபடி பாய்ந்து வருவது) ஐந்தில் 14, தவிர்ப்பு இரண்டில் 6, எண்ணமும் மனநிலையும் ஏழில் 12, உடல் விழிப்பு ஆறில் 14. கூட்டினால் 46. பொதுவாக 31 முதல் 33 வரை எல்லைக்கோடாக வைக்கிறார்கள், அதைத் தாண்டிவிட்டார்.

அங்கேயே நிறுத்தவில்லை. ஆர்வமின்மை, ஒட்டாமை, கவனக்குறைவு மூன்றும் சங்கிலிக்கு முன்பே, நோய் தொடங்கிய நாளிலிருந்தே இருந்ததாக அக்கா சொன்னார். அவற்றின் மதிப்பெண் தலா 2, ஆக 6. மொத்தத்தை நான் மாற்றவில்லை. 46 என்றே எழுதி, "இதில் 6 மதிப்பெண்ணுக்கு முடிச்சு உறுதியில்லை" என்று பக்கத்தில் குறித்தேன். அடுத்து டி.எஸ்.எம்-5 கேட்கும் எண்ணிக்கை: 2 அல்லது அதற்கு மேல் எடுத்த அறிகுறிகள் மறுஅனுபவத்தில் ஒன்று, தவிர்ப்பில் ஒன்று, எண்ணம்-மனநிலையில் இரண்டு, உடல் விழிப்பில் இரண்டு இருக்க வேண்டும். சந்தேகமான மூன்றையும் நீக்கிய பிறகும் எல்லாம் நிறைவேறின. ஒரு மாதத்துக்கு மேல் நீடிப்பதும், வாழ்க்கையை முடக்குவதும் தெளிவாகவே இருந்தன. இப்போதுதான் அந்த எண் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

முடிச்சில்லாதவற்றை நீக்கியதும் கணக்கு சரிந்துவிட்டால், 40 எடுத்திருந்தாலும் அவசரப்பட்டுப் பெயர் சூட்டாதீர்கள். 25 எடுத்தவர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நடப்பவராக இருந்தால் விட்டுவிடவும் கூடாது.

உங்கள் இடத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி-11 பின்பற்றினால் ஐ.டி.க்யூ என்ற 18 கேள்விப் படிவம் பொருந்தும். 2022இல் நடைமுறைக்கு வந்த அந்த வகைப்பாடு மறுஅனுபவம், தவிர்ப்பு, இப்போதும் ஆபத்து இருப்பதாக உணர்தல் ஆகிய மூன்றை மட்டும் கேட்பதால், பிற மனநோயோடு கலப்பது குறைவு. சிறுவயதிலிருந்தே தொடர்ந்த கொடுமை என்றால் சிக்கலான பிடிஎஸ்டியையும் அதே படிவம் பிரித்துக் காட்டும்.

படி 8: முடித்து அனுப்புவது

கடைசிக் கேள்வி முடிந்தவுடன் எழுந்துவிடாதீர்கள். காலைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள், அறையில் பார்க்கும் பொருள்களைப் பெயர் சொல்லச் சொல்லுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள். தற்கொலை எண்ணத்தை நேரடியாகக் கேளுங்கள். வீட்டில் அடி இன்னும் தொடர்கிறதா என்று கேளுங்கள். தொடர்ந்தால் அங்கே பதற்றமாக இருப்பது நோயல்ல, தற்காப்பு. முதலில் பாதுகாப்புக்கு வழி செய்ய வேண்டும். பெண்களுக்கு 181, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416 என்று எழுதிக் கொடுங்கள். வீட்டில் யாராவது அந்தச் சீட்டைப் பார்த்தால் ஆபத்தா என்பதையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

"இத்தன நாள் யாரும் கேக்கல" என்று பலர் சொல்வார்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது, இதைப் பற்றி டாக்டரிடம் பேசப்போகிறேன் என்பதை அவரிடமே சொல்லி அனுமதி வாங்குங்கள்.

படி 9: எழுதுவதும் திரும்ப அளப்பதும்

இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, பிறகு சிகிச்சையின்போது மாதம் ஒருமுறை. அதே சம்பவம், அதே சொற்கள், அதே டம்ளர்கள், முடிந்தால் அதே ஆள். இரண்டு மூன்று மதிப்பெண் ஏறி இறங்குவதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். அந்த மாதத்தில் மருந்து மாறியதா, நோய் திரும்பியதா என்று பக்கத்தில் குறியுங்கள்.

கேஸ் ஷீட்டில் "பிடிஎஸ்டி பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதினால் அடுத்து வருபவருக்கு எதுவும் தெரியாது. சம்பவம் எது, எந்தக் கருவி, எந்தத் தேதி, மதிப்பெண், முடிச்சு உறுதியானவை எவை, தூண்டுவது எது, இன்றே செய்ய வேண்டியது என்ன என்று ஏழெட்டு வரி போதும். சம்பவத்தின் விவரத்தை வார்டில் எல்லாரும் புரட்டும் தாளில் எழுதாதீர்கள். அந்த அம்மாவின் தாளில் நான் எழுதியது இது:

"கட்டிவைக்கப்பட்ட அனுபவம், ஒன்றரை வருடம். பி.சி.எல்-5: 46, வாசித்துக் கேட்டது, இரண்டு அமர்வு. 3 கேள்விகளுக்குத் தொடர்பு உறுதியில்லை. சாவி, சங்கிலிச் சத்தத்தில் நினைவு நிகழ்வதுபோல் வருகிறது. அப்போது சுவரோரம் ஒதுங்குவது சந்தேக எண்ணத்தால் அல்ல. அதற்காக மருந்து கூட்டும் முன் பேசவும். சி.ஏ.பி.எஸ்-5க்கு அனுப்பப்படுகிறார். இரவுப் பணியில் வருபவர்கள் சாவிக்கொத்தைத் துணியில் சுற்றி எடுத்து வரவும், கதவைத் திறக்குமுன் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும்."